வெள்ளிக்கிழமைச் சூசையப்பர்

தம்பி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நானே பல வருசமாக முழுசாக நம்பவில்லை. நம்பாமலேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தமிழ்ப் பாடசாலை ஆண்டுவிழாவில் சொன்னேன். நகரசபைக்காரர் வைத்த விருந்தில் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். என் மகளின் கலியாணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஆட்கள் கை தட்டினார்கள். தட்டி முடிந்து நான் கதிரையில் வந்து இருந்ததும் ஒரு சந்தேகமும் பின்னாலேயே வந்து பக்கத்துக் கதிரையில் இருக்கும். ‘என் அறைக்கூட்டாளி பொனிபஸ் அன்றைக்கு அந்தச் சிசிலிக்காரரிடம் உண்மையில் என்ன சொன்னான்?’ அதுதான் சந்தேகம். வேறொன்றுமில்லை.

நீங்கள் கேட்டது வேறு, தெரியும். “ஏன் அண்ணை, மீன் பொரிக்கிற நேரம் மட்டும் உங்கடை வீட்டு ஜன்னல் எல்லாம் பூட்டிக் கிடக்குது?” என்று கேட்டீர்கள். குடிவந்து இரண்டு மாதத்தில் அதைக் கவனித்துவிட்டீர்கள். நல்ல மூக்கு. அந்தக் கேள்விக்கும் இந்தக் கதைதான் பதில். தேத்தண்ணியைக் குடியுங்கோ, சொல்லுகிறேன்.

நீங்கள் வாங்கியிருப்பது நுன்சியாவின் வீடு. உங்கள் கராஜில் ஒரு அடுப்பும், பெரிய தொட்டியும், சுவர் நீளத்துக்குத் தட்டுகளும் இருக்கிறதே, கார் விடுகிற இடத்தில் ஏன் குசினி என்று யோசித்திருப்பீர்கள். சிசிலிக்காரர் வீடு அப்படித்தான். வீட்டுக்குள் இருக்கிற குசினி விருந்தாளிக்குக் காட்ட. சமையல், தக்காளி காய்ச்சல், சண்டை, சமாதானம் எல்லாம் கராஜில். பின்வளவை நுன்சியாவின் புருசன் கலோஜெரோ முழுக்கச் சீமெந்து போட்டு மூடி, ஒரு அத்திமரத்துக்கு மட்டும் வட்டம் விட்டிருந்தார். அந்த அத்திமரத்துக்குப் பின்னால், நீங்கள் இப்போது சைக்கிள் வைத்திருக்கிற அறையில்தான், நானும் பொனிபஸும் வாடகைக்கு இருந்தோம். இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு ஹீட்டர். ஹீட்டர் என் பக்கம்.

பொனிபஸ் குருநகர் ஆள். கத்தோலிக்க வேதக்காரன், கடற்கரைப் பிள்ளை. நான் ஊரில் கணக்கு வாத்தியார். அதனால் அவன் என்னை ‘மாஸ்ரர்’ என்பான், ‘நீங்கள்’ என்பான். நான் ‘நீ’ என்பேன். இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே வாடகை, ஒரே கக்கூஸ். இருந்தாலும் நான் மாஸ்ரர். எனக்கு அப்போது வேலையில்லை. அவன் கலோஜெரோவின் மச்சான் துரியின் பேக்கரியில் பாணுக்கு மாவு பிசைந்தான். அப்படியே அவர்கள் பாஷையையும் பிசைந்து எடுத்துக்கொண்டான். என் காதில் அது ஏறவில்லை. நான் படித்தவன் அல்லவா, இலக்கணம் தெரியாமல் வாய் திறக்க மாட்டேன். ஆகையால் அந்த வீட்டார் என்னிடம் சொன்னதெல்லாம் பொனிபஸின் வாய் வழியாகத்தான் வந்தது. நான் சொன்னதும் அவன் வாய் வழியாகத்தான் போனது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ.

அந்த வருசம் கலோஜெரோவுக்கு நெஞ்சில் ஒப்பரேசன் செய்ய நாள் குறித்தார்கள். நுன்சியா யேசுவை வளர்த்த தகப்பன் சூசையப்பருக்கு நேர்ந்தாள். மார்ச் மாதம் சூசையப்பர் திருநாளன்று வீட்டில் மேசை வைத்து ஊருக்குச் சாப்பாடு போடுவது, புருசன் ஒப்பரேசன் கட்டிலிலிருந்து உயிரோடு எழும்புவது. அவளுக்கும் சூசையப்பருக்கும் ஒப்பந்தம் அதுதான். அந்த மேசைக்கு ஒரு முறை இருக்கிறது. யேசு, மரி, சூசை என்று மூன்று பேரை வேசம் கட்டி அழைத்துவருவார்கள். அவர்கள் இரண்டு கதவில் தட்டி, இரண்டிலும் இடமில்லை என்று விரட்டப்பட்டு, மூன்றாவது கதவில் உள்ளே வரவேண்டும். வந்து மேசையில் இருந்து, சமைத்த ஒவ்வொன்றையும் முதலில் ருசி பார்க்கவேண்டும். அவர்கள் தொட்ட பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். அவர்கள் தொடாததை ஒருவரும் தொடக்கூடாது. ஒன்று குறைந்தாலும் நேர்த்தி குறை. அந்த வீட்டுச் சட்டம் அப்படி.

ஒருநாள் பொனிபஸ் வந்து, “மாஸ்ரர், உங்களைச் சூசையப்பரா வரச்சொல்லிக் கேக்கினம்” என்றான்.

“என்னையோ? நான் சைவமடா.”

“அது அவையளுக்குப் பிரச்சினை இல்லையாம்.”

“ஏன் என்னை?”

அவன் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். “உங்கடை முகம்தான் மாஸ்ரர். அந்தத் தாடி, அந்த அமைதி.”

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, தாடியில் இரண்டு பக்கமும் நரை விழுந்திருந்தது. சவரக்கத்தி வாங்கக் காசில்லாமல் வளர்த்த தாடி. போய்க் கண்ணாடியில் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அவன் சொன்னது சரியாகத்தான் பட்டது.

“சாப்பாடு எப்பிடி? அண்டைக்கு வெள்ளிக்கிழமை.”

“தவக்காலம் மாஸ்ரர். இறைச்சியே கிடையாது.”

நான் வெள்ளிக்கிழமையில் மச்ச மாமிசம் தொடுவதில்லை என்று சந்நிதி முருகனுக்கு நேர்ந்திருந்தேன். என் மனைவி ரஞ்சியும் மகளும் ஊரில் இருந்தார்கள். அவர்களுடைய விசா வரும்வரைக்கும் வெள்ளி சைவம். நேரச் சொல்லி எழுதியது ரஞ்சி. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததென்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் அங்கே ஷெல்லடிக்குள் இருந்துகொண்டு கேட்டது அது ஒன்றுதான். அதைக்கூட விட்டுவிட்டு அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

நாள் வந்தது. எனக்கு மண்ணிறத்தில் ஒரு அங்கி, கையில் ஒரு தடி, தடியின் நுனியில் லில்லிப்பூ. மாதாவாக வந்தது மூன்றாவது தெருவில் இருந்த மால்டாக்கார விதவை, வயது எழுபது. குழந்தை யேசுவாக வந்தது தொழிற்சாலை மூடி வேலை போன ஒரு குண்டு மனிதர். அவருக்கு மீசை இருந்தது. எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். தம்பி, அந்தத் தெருவில் ஏழைகளாகப் பார்த்துப் பொறுக்கித்தான் திருக்குடும்பம் சேர்ப்பது என்பது அந்த நேரம் யாருக்கும் விளங்கியிருக்கும். குழந்தை யேசுவின் மீசையைப் பார்த்த பிறகும் எனக்கு விளங்கவில்லை. என்னை மட்டும் முகத்துக்காக எடுத்தார்கள் என்றே நினைத்துக்கொண்டு தடியை ஊன்றி நடந்தேன்.

முன்கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து துரி கத்தினார். என்ன கேட்கிறார் என்று பின்னால் நின்ற பொனிபஸ் சொன்னான்: “ஆர் எண்டு கேக்கினம்.” பழக்கித் தந்தபடி மூன்று பெயரையும் சொன்னேன். “இங்கை இடமில்லை, போங்கோ!” கதவு படாரென்று அடித்தது. எனக்கு அதில் ஒத்திகை தேவைப்படவில்லை. மெல்பேர்னில் நான் வாடகைக்கு அறை தேடிய காலம் முழுக்க அதுதானே. பக்கக் கதவிலும் அதே பாட்டு. அங்கே நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு, “வெளியிலை ‘அறை வாடகைக்கு’ எண்டு போர்டு போட்டிருக்கிறியளே!” என்று தமிழில் கேட்டுவிட்டேன். மாதா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது, கராஜ் கதவு. அது மேலே சுருண்டு எழும்பியது, தம்பி. நான் அப்படி ஒரு சாப்பாட்டை அதற்கு முன் கண்டதில்லை. படி படியாக மூன்று தட்டு, வெள்ளை விரிப்பு, உச்சியில் சூசையப்பர் படம். பாண் மட்டுமே தாடி வடிவில், தடி வடிவில், சுத்தியல் வடிவில், ஏணி வடிவில். தோடம்பழக் குவியல். பொரித்த காலிஃபிளவர், முட்டைப் பொரியல், காய்ந்த பெரிய அவரை விதை, சீனி தூவின பணியாரம். எண்பது பேராவது நின்றிருப்பார்கள். எல்லாரும் காலையிலிருந்து பட்டினி. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நுன்சியா வெறுங்காலோடு பரிமாறினாள். அதுவும் நேர்த்தி. நான் ஒவ்வொன்றாக வாயில் வைத்தேன். வைக்கும்போதெல்லாம் எண்பது பேரும் “விவா சான் ஜூசெப்பே!”, சூசையப்பர் வாழ்க என்று முழங்கினார்கள். அவரைக்கு ஒரு விவா. காலிஃபிளவருக்கு ஒரு விவா. தோடம்பழத்துக்கு ஒரு விவா. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்துப்போயிற்று. நான் மெல்லுவதற்கு ஆட்கள் கோஷம் போட்டது என் வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான். கலோஜெரோ எனக்கு நேரே உட்கார்ந்திருந்தார், முகம் சாம்பல் பூத்த மாதிரி. ஒவ்வொரு விவாவுக்கும் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறுவதைக் கண்டேன்.

கடைசியாக வந்தது பாஸ்தா. அதுதான் அன்றைக்கு முக்கியமான சாப்பாடு. பாண்தூளை வறுத்து மேலே தூவியிருந்தார்கள். சூசையப்பர் தச்சன், அது அவருடைய மரத்தூளாம். நுன்சியா முள்ளுக்கரண்டியில் சுற்றி என் வாய்க்கு நேரே கொண்டுவந்தாள். மரத்தூளுக்குள்ளிருந்து ஒரு வால் எட்டிப் பார்த்தது.

“டேய் பொனிபஸ்,” என்றேன், வாயைத் திறக்காமல். “இது மீன்.”

“ஓம் மாஸ்ரர். சூடை.”

“இறைச்சி இல்லை எண்டனீ.”

“மீன் இறைச்சியோ?”

“இண்டைக்கு வெள்ளிக்கிழமையடா!”

“அவையளுக்கும் வெள்ளிக்கிழமைதான் மாஸ்ரர். அதாலைதான் மீன்.”

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று. நுன்சியா புரியாமல் சிரித்தபடி கரண்டியை இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள். நான் தலையைப் பின்னால் இழுத்தேன். விவா சொல்ல வாயெடுத்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றார்கள். நுன்சியாவின் சிரிப்பு போய்விட்டது. அவள் புருசனைப் பார்த்தாள். கலோஜெரோ மேசை விரிப்பைப் பார்த்தார்.

துரி கத்தத் தொடங்கினார். விளங்கவில்லை, ஆனால் விளங்கியது. ஒரு கிழவர், “ஆரடா இந்தச் சூசையப்பரைப் பிடிச்சுக்கொண்டு வந்தது?” என்பதுபோல் கையை விரித்தார். குழந்தை யேசு பசியில் என்னை முறைத்தார்.

“மாஸ்ரர், நாக்கிலை ஒருக்கா வையுங்கோ. காணும்.”

“ஏலாது.”

“அந்த மனுசன் செத்துப்போவன் எண்டு பயத்திலை இருக்கிறார்.”

“என்ரை மனுசி அங்கை ஷெல்லுக்குள்ளை இருக்கிறா. எனக்குப் பயமில்லையோ? சொல்லு அவையளுக்கு. நேர்த்தி எண்டு சொல்லு.”

பொனிபஸ் அதைச் சொல்லியிருப்பான். இரண்டு சொல் சொன்னான். துரி இன்னும் கூடக் கத்தினார். பிறகு பொனிபஸ் கையில் ஒட்டியிருந்த மாவை ஏப்ரனில் துடைத்தான். துடைத்துவிட்டு மறுபடி பேச ஆரம்பித்தான். மெதுவாக. ஒருவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்தப் பாஸ்தாக் கோப்பையைப் பார்த்தே பேசினான். நான் சொல்லச் சொன்னது ஒரு வசனம். அவன் பேசியது ஒரு செபமாலை சொல்லி முடிக்கிற நேரம் இருக்கும். இடையில் ஒருமுறை நிறுத்தினான், சொல் தேடுகிறவன் மாதிரி. ஒரு கிழவி மெல்ல ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு தொடர்ந்தான்.

அவன் முடித்தபோது துரி தொப்பியைக் கழற்றியிருந்தார். மால்டாக்கார மாதா அழுதுகொண்டிருந்தாள். நுன்சியா கரண்டியை வைத்துவிட்டு, குனிந்து, என் நெற்றியில் கொஞ்சினாள். பிறகு கலோஜெரோ எழும்பினார். நெஞ்சு வருத்தக்காரன், கனம் தூக்கக்கூடாது. பாஸ்தா இருந்த பெரிய சட்டியைத் தானே இரண்டு கையாலும் தூக்கி வெளியே கொண்டுபோய் வைத்தார். ஒருவரும் தடுக்கவில்லை. நுன்சியா வெறும் பாஸ்தாவில் பாண்தூளைத் தூவிக் கொண்டுவந்து எனக்கு ஊட்டினாள். விவா சொன்னார்கள். ஆனால் கோவிலுக்குள் சொல்லுகிற மாதிரி, மெதுவாக. அன்றைக்கு அந்தக் கராஜில் ஒருவரும் மீன் தின்னவில்லை.

“என்னடா சொன்னவை?” என்று கேட்டேன்.

“உங்கடை நேர்த்தியை மதிக்கினமாம் மாஸ்ரர்.”

“அவ்வளவு நேரம் அதையோ கதைச்சனீ?”

“உங்கடை முகத்திலை சூசையப்பரையே காணினமாம்” என்றான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

இதுதான் நான் மேடையில் சொன்ன கதை. இரண்டு சமயம், இரண்டு நேர்த்தி, ஒரு மேசை. ஒன்றுக்கு மற்றது வழிவிட்டது. தலைப்பும் வைத்திருந்தேன், ‘மதங்கள் சந்தித்த மேசை’. ஒப்பரேசனும் நன்றாக முடிந்து கலோஜெரோ அதற்குப் பிறகு பதினைந்து வருசம் சீமெந்து குழைத்தார். அடுத்த வருசம் ரஞ்சிக்கும் மகளுக்கும் விசா வந்தது. இரண்டு பக்கமும் வெற்றி. கை தட்டாமல் என்ன செய்வார்கள்?

ஆனால் தம்பி, சில விசயம் ஒட்டவில்லை.

ரஞ்சி வந்து இறங்கிய அன்று நுன்சியா பாணும் உப்பும் கொண்டு ஓடிவந்தாள். வாசலில் ரஞ்சியைக் கண்டதும் நின்றாள். மேலிருந்து கீழே பார்த்தாள். எட்டு வயது மகளைப் பார்த்தாள். என் மூக்கைப் பார்த்தாள், மகளின் மூக்கைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு என் கன்னத்தில் செல்லமாக ஒரு அறை கொடுத்துவிட்டு, ரஞ்சியைக் கட்டிப்பிடித்து விம்மி விம்மி அழுதாள். “என்னப்பா, இந்த ஊரிலை வரவேற்கிறது இப்பிடியோ?” என்று ரஞ்சி கேட்டாள். “அவை உணர்ச்சியான ஆக்கள்” என்றேன். நான் அங்கே அனுபவசாலி அல்லவா.

பிறகு நாங்கள் இந்தப் பக்கத்து வீட்டையே வாங்கினோம். முதல் கிழமையே ரஞ்சி மீன் பொரித்தாள், ஒரு செவ்வாய்க்கிழமை. மணம் வேலி தாண்டியது. நுன்சியா செருப்பில்லாமல் ஓடிவந்து அடுப்பை நிறுத்தினாள். ரஞ்சிக்கு விரலை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னாள். என்னைக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டாள், கண்ணைத் துடைத்தாள். நான் பொனிபஸுக்கு ஃபோன் போட்டு, ரிசீவரை நுன்சியாவின் காதில் வைத்தேன். கேட்டுவிட்டு அவன் சொன்னான்: “உங்கடை நேர்த்தியை அவா இன்னும் மறக்கேல்லையாம், மாஸ்ரர்.”

“விசா வந்திட்டுது, நேர்த்தி முடிஞ்சுது எண்டு சொல்லு.”

“அதை இப்ப விளங்கப்படுத்தேலாது. ஜன்னலைப் பூட்டிப்போட்டுப் பொரியுங்கோ.”

அன்றைக்குப் பூட்டின ஜன்னல்தான் தம்பி. இந்தத் தெருவில் நான் மீன் கடைக்குப் போனதில்லை. இரண்டு சபேர்ப் தள்ளிப் போய், கறுப்புப் பையில் கட்டி, கள்ளன் மாதிரிக் கொண்டுவருவேன். ஒருமுறை துரி என்னை அந்தக் கடை வாசலில் கண்டுவிட்டார். வந்து தோளைப் பிடித்து, என்னைக் காப்பிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு மணி நேரம் பேசாமல் கூடவே இருந்தார்.

இன்னொன்று. ஒவ்வொரு நவம்பர் தொடக்கத்திலும் நுன்சியா ஒரு பெட்டி கொண்டுவருவாள். வாதுமைப்பருப்பும் சீனியும் அரைத்து, தோடம்பழம், அத்திப்பழம், பீச் என்று அச்சு அசலாகப் பழம் மாதிரி உருட்டி, நிறம் பூசின இனிப்பு. கூடவே சிவப்புக் கண்ணாடிக்குள் ஒரு மெழுகுதிரி. நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன், தீபாவளிக்கு. எங்கள் நாட்காட்டி அவளுக்குத் தெரியாது, ஆனபடியால் ஒரே தேதியை வைத்துக்கொண்டாள். மெழுகுதிரியை முருகன் படத்துக்கு முன்னால் ரஞ்சியே கொளுத்துவாள். பழம் தின்றுவிட்டு, “வடிவா இருக்கு, கொஞ்சம் இனிப்புக் கூட” என்பாள். நான் பதிலுக்குப் பயற்றம் பணியாரம் கொண்டுபோய், “ஹப்பி தீபாவளி!” என்று கையைக் குலுக்குவேன். நுன்சியா என்னைப் பார்க்கிற பார்வையில் அவ்வளவு இரக்கம் இருக்கும். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அந்த நாளில் பொனிபஸும் தவறாமல் வருவான். பெட்டியிலிருந்து மூன்று பழம் எடுத்து, தின்னாமல், கைலேஞ்சியில் சுற்றிப் பையில் போடுவான். “பேராசைக்காரா” என்று நான் பகிடி பண்ணுவேன். சிரிப்பான்.

நுன்சியா போன மழைக்காலம் காலமானாள். உங்களுக்கு வீட்டை விற்க முன்னம் மகள் மிம்மா வந்து சாமான்களை ஒதுக்கினாள். அவள் இங்கே பிறந்தவள், இங்கிலீஸ்தான். வேலிக்கருகில் நின்று பேசினோம். நான் என் கதையை எடுத்துவிட்டேன், மேசை, நேர்த்தி, மதங்கள் சந்தித்த கதை. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

“அம்மா கடைசி வருசம்வரைக்கும் மெழுகுதிரி கொளுத்தினா,” என்றாள். “நவம்பரிலே, இறந்தவர்களின் திருநாளிலே. எங்கள் ஆட்களுக்கு ஒன்று, உங்கள் முதல் மனைவிக்கு ஒன்று.”

“எனக்கு ஒரே மனைவிதான்” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். எனக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்தாள் போல. அப்புறம்தான் சொன்னாள். அன்றைக்கு அவளுக்குப் பதினாறு வயது, கராஜில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றாளாம். இந்த மனிதனுடைய மனைவியையும் இரண்டு ஆண் பிள்ளைகளையும் கடல் எடுத்துவிட்டது, அதனால் இவரால் மீன் தின்ன முடியாது என்று பொனிபஸ் சொன்னானாம். சண்டைக்குப் பயந்து இந்தியாவுக்குப் போன படகு. ஆள் கூடிப்போன படகு. இளையவன் ஒரு கோழிக்குஞ்சை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏறினானாம். புருசன் முதல் படகில் போய், இருக்க ஒரு இடம் பார்த்துவிட்டு, அக்கரையில் வந்து நின்றானாம். விடிய விடியத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

“எங்கள் ஊர் மீன்பிடி ஊர்,” என்றாள் மிம்மா. “அம்மாவின் அண்ணனும் கடலோடு போனவர். அந்த மேசையில் கடலுக்கு ஆள் கொடுக்காத குடும்பம் எது? அதைக் கேட்ட பிறகு யார் மீன் தின்பது? நீங்கள் ஒரு விதவையைப் பிள்ளையோடு கட்டினீர்கள் என்று அம்மாவுக்கு உங்களில் சரியான மதிப்பு. அந்தப் பிள்ளை உங்கள் முகச்சாயலில் இருந்தது சூசையப்பரின் புதுமை என்று சொல்லுவா.”

“பேர் ஏதும் சொன்னவனோ?” என்று கேட்டேன்.

“தெரியாமல் என்ன? வருசா வருசம் செபித்தோமே. மத்தில்டா, ஜெறோம், அருள்.”

தம்பி, எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ரஞ்சி குசினியில் உயிரோடு நின்று வெங்காயம் உரிக்கிறாள். இவ்வளவு வருசமும் அவள் தன் சாவுக்குத் தானே மெழுகுதிரி கொளுத்திப் பழம் தின்றிருக்கிறாள். ஒரு சைவ வாத்தியாரின் பெண்சாதிக்கு மத்தில்டா என்று பேர்! நான் ஏறின மேடைகள் எல்லாம் ஞாபகம் வந்தன. நகரசபை விருந்தில் முன்வரிசையில் நுன்சியாவின் ஆட்கள் இருந்தார்களே, நான் சிரித்துச் சிரித்துப் பேசியதை அவர்கள் என்னவென்று நினைத்திருப்பார்கள்? ரஞ்சியிடம் சொன்னேன். அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “நான் செத்தது இருக்கட்டும்,” என்றாள், “அந்த ரெண்டு பொடியளையும் நினைச்சால் இனி இந்த வெங்காயத்தை உரிக்கேலாது.” பொம்பிளைகள் இப்படித்தான், கதையை விட்டுவிட்டு எங்கேயோ போய்விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு காரை எடுத்தேன்.

பொனிபஸ் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் இருக்கிறான். தனிய. போகும் வழி முழுக்க ஏசுவதற்கு வசனம் அடுக்கினேன். கதவைத் திறந்ததும் தொடங்கிவிட்டேன்.

“நீ என்ரை மனுசியைக் கடலிலை தள்ளினியோ?”

அவன் கொஞ்சமும் திடுக்கிடவில்லை. “ஓம் மாஸ்ரர். உள்ளை வாங்கோ.”

“நேர்த்தி எண்டுதானே சொல்லச் சொன்னனான்!”

“சொல்லிப் பாத்தனான். அவையளுக்கும் நேர்த்தி. ரெண்டு நேர்த்தி முட்டினால் ஆர் விலக்குறது? கலோஜெரோ ஐயாவின்ரை முகத்தைப் பாத்தனான். வேறை ஒண்டும் வாயிலை வரேல்லை.”

“அதுக்கு இப்பிடி ஒரு பொய்யோ? பேர் வைச்சு, பிள்ளை வைச்சு, கோழிக்குஞ்சு வைச்சு?”

அவன் கேத்திலைப் போட்டான். எனக்குக் கதிரையை இழுத்துவிட்டான். இரண்டு கப் எடுத்துக் கழுவினான், சுத்தமாக இருந்த கப்பையே மறுபடியும் கழுவினான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு பொய் சொல்லத் தெரியாத ஆள், தம்பி. பேக்கரியில் வருத்தம் என்று சொல்லி ஒருநாள் லீவு எடுக்கத் தெரியாது. என்னோடு ஒரு அறையில் படுத்து எழும்பினவன், எத்தனையோ இரவு நான் ரஞ்சியைப் பற்றி, விசாவைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு கிடந்தவன். அவன் கலியாணம் கட்டினவனா என்று நான் கேட்டதில்லை. கட்டாதவன் என்று எனக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை.

தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தான். அப்போதுதான் கேட்டேன்.

“பொனிபஸ், அக்கரையிலை நிண்டது ஆர்?”